எய்ட்ஸ் நினைவுப் போர்வை: அம்மாக்கள் தைத்த துணியின் அளவும் முறையும்

கேள்வி:
எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயர் தைத்த துணிகளைச் சேர்த்து 1987-ல் அமெரிக்காவில் தொடங்கிய எய்ட்ஸ் நினைவுப் போர்வை பற்றி ஒரு தையல் வகுப்பில் பேசவிருக்கிறேன். மகன் தன்பாலீர்ப்பாளன் என்பதே அவன் படுத்த படுக்கையான பிறகுதான் பல அம்மாக்களுக்குத் தெரிந்ததாம். அவர்கள் தைத்த துணிக்கு அளவு என்ன, எந்தத் துணி, எங்கே பிசகும்? மனம் மாறியதற்கும் தையலுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

பதில் 1:
தைத்து முடித்த பின் 3 அடிக்கு 6 அடி. ஓர் ஆளைப் புதைக்கும் குழியின் அளவு, தெரிந்தே வைத்தது. மடித்துத் தைக்க நாலு பக்கமும் 3 அங்குலம் விட்டால், வெட்டும் அளவு 42-க்கு 78 அங்குலம். எட்டுத் துணி சேர்ந்து 12 அடிச் சதுரம் ஆகும். ஒன்று கோணினாலும் பக்கத்துத் துணி சுருங்கும்.

காடா, பாப்ளின் மாதிரி இழுபடாத துணிதான் சரி. பனியன் துணி தொங்கத் தொங்க நீண்டு, பெயரின் எழுத்தைக் கோணலாக்கும். உள்ளே பஞ்சு வைக்கக் கூடாது, மடிக்க வராது. தரையில் விரிப்பதால் பின்பக்கம் லைனிங் நல்லது. பசை சில வருடத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். எழுத்தைத் தைக்கத்தான் வேண்டும். கெட்டிப் பெயின்ட் மடிப்பில் வெடிக்கும். போட்டோவை அப்படியே ஒட்டாமல், பருத்தித் துணியில் பதித்து அந்தத் துணியைத் தைக்க வேண்டும்.

எழுத்துகளை முதலில் செய்தித்தாளில் வெட்டி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பரப்பிப் பாருங்கள். இடது ஓரத்தில் தொடங்கினால் கடைசி எழுத்துக்கு இடம் இருக்காது. வெட்டிய எழுத்தைத் துணிமேல் வைத்துத் தைக்கும் ஒட்டுத்தையலுக்குக் கால் அங்குலம் கூடுதல். வளைவுகளில் சின்னச் சின்னதாக வெட்டு கொடுக்காவிட்டால் மடிப்பு சுருக்கம் விழும்.

பதில் 2:
அளவெல்லாம் சரி. கடைசிக் கேள்விக்கு விடை அந்த எழுத்தில்தான் இருக்கிறது. 1985 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மெழுகுவத்தி ஊர்வலத்தில், தன்பாலீர்ப்பாளர் உரிமைக்குப் போராடிய கிளீவ் ஜோன்ஸ், எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயரை அட்டையில் எழுதச் சொன்னார். அட்டைகளை அரசுக் கட்டடச் சுவரில் ஒட்டியபோது அது ஒட்டுப்போர்வை போலத் தெரிந்தது. யோசனை அங்கே பிறந்தது. அப்போது சிலர் குடும்பப் பெயரை எழுதப் பயந்து முதல் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். போர்வையிலும் அப்படிப் பல உண்டு.

ஊருக்கு நிமோனியா என்றோ புற்றுநோய் என்றோ சொல்லிவைத்த அம்மா, முழுப் பெயரையும் கை அகல எழுத்தாக வெட்டி ஊசி கோக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். அடுத்து, தைக்க மகனின் சட்டை வேண்டும். அது மகனோடு வாழ்ந்த காதலனின் அலமாரியில் இருக்கும்; அவனிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் காதலனின் பெயரையும் தைப்பதா என்ற கேள்வி அதற்கப்புறம். எல்லாக் குடும்பமும் இறங்கி வரவில்லை. ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துணிகள் இருப்பதும் உண்டு.

சட்டையைத் தைக்கும்போது தோளையும் பக்கத் தையலையும் பிரித்துவிட்டுத் தட்டையாக்குங்கள். பித்தானை எடுக்க வேண்டாம், ஆனால் மடிப்பு விழும் கோட்டில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
1987-லிருந்து மட்டும் தொடங்காதீர்கள், தயவுசெய்து. 1972 ஜூனில் நியூயார்க்கில் நடந்த தன்பாலீர்ப்பாளர் உரிமை ஊர்வலத்தில் ஜீன் மேன்ஃபோர்ட் என்ற ஆசிரியை, தன்பாலீர்ப்பாளரான தன் மகன் மார்ட்டியோடு அட்டை பிடித்து நடந்தார். 1973 மார்ச்சில் கிரீனிச் வில்லேஜ் தேவாலயம் ஒன்றில் பெற்றோர் முதல்முறையாகக் கூடினார்கள். தன்பாலீர்ப்பாளர்களின் பெற்றோருக்கான பிஃப்ளாக் (PFLAG) அமைப்பு அதிலிருந்து வந்தது. நோய் பரவியபோது ஓர் அம்மா போய் உட்கார்ந்து அழ ஓர் அறையாவது இருந்தது என்றால், அதற்கு முன்பே போட்ட அந்த வழிதான் காரணம். மார்ட்டியும் 1992-ல் எய்ட்ஸால்தான் இறந்தார்.

1987 அக்டோபர் 11-ல் வாஷிங்டன் திடலில் விரித்தபோது 1,920 துணிகள். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். வகுப்பில் சாக்பீஸால் தரையில் 12 அடிச் சதுரம் போட்டு எட்டுக் கட்டமாகப் பிரியுங்கள். ஒரு கட்டத்தில் யாரையாவது படுக்கச் சொல்லுங்கள். துணி வெட்டுவது அதற்குப் பிறகு.