களிமண் மேல மணல்: ஸ்பட்கேன் தாங்குதிறன் எக்செல்ல 46 மெகாநியூட்டன், பிளாக்ஸிஸ்ல 30. எங்க தப்பு?

பாலாறு_பையன்:
வணக்கம்ணா. காட்பாடி நான், எம்.இ. ஜியோடெக் ரெண்டாவது வருஷம். ப்ராஜெக்ட் ஜாக்-அப் ரிக்கோட (கடல் தரையில காலை ஊனி நிக்கற துளை போடுற மேடை) ஸ்பட்கேன் பத்தி, அதாவது அந்தக் காலோட அடிப்பாதம். வட்டமா எடுத்துக்கிட்டேன், விட்டம் 12 மீட்டர், கடல் தரையில மேல 6 மீட்டர் மணல், அதுக்கு கீழ சாஃப்ட் களிமண், வடிகாலற்ற வலிமை (தண்ணி வெளியேறாம இருக்கறப்ப களிமண்ணு தாங்கற வலிமை) 30 கேபிஏ (கிலோபாஸ்கல்), மணலோட ஃபை (உராய்வு கோணம்) 32 டிகிரி. மணலை மட்டும் வச்சுப் போட்டா 110 மெகாநியூட்டன் வருது, பாரம் மணல் வழியா விரிஞ்சு இறங்கறதா வச்சு (லோட் ஸ்ப்ரெட்) களிமண்ணுல போட்டா 45.8, பிளாக்ஸிஸ்ல (மண்ணை சின்ன சின்ன கட்டமா பிரிச்சு கணக்கு போடுற சாஃப்ட்வேர்) ஓட்டினா 30 பக்கத்துலயே நின்னுடுது. கைடு ஷீட்டைப் பாத்துட்டு "இத நம்பி ரிக்க நிறுத்துவியா"ன்னு ஒரே வார்த்தை கேட்டுட்டுப் போயிட்டாரு. மூணு நாளா மெஷ்ஷை மாத்தி மாத்தி ஓட்டுறேன், ஒண்ணும் அசையல.

வெயிலூர்க்காரன்:
வேலூர்ல கடல் எங்கடா கீது, பாலாத்துலயே தண்ணி இல்ல 😂

ராணிப்பேட்டை_மண்டெஸ்ட்:
அவன் கெடக்கான் விடு தம்பி. மெஷ்ஷைத் தொடாத, தப்பு எக்செல்லதான் இருக்கும்னு தோணுது. ரெண்டு கேள்வி. மணலுக்கு யூனிட் வெயிட் (ஒரு கன மீட்டர் எடை) எவ்ளோ போட்ட? பாரம் எந்த சரிவுல பரவுது?

பாலாறு_பையன்:
கடலுக்குள்ள இருக்கறதால மிதப்பு கழிச்சு 9 கிலோநியூட்டன் போட்டேன்ணா. சரிவு 2:1 (செங்குத்து 2க்கு கிடைமட்டம் 1), ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டர் சேத்து 18 மீட்டர் விட்டம். பி.இ.ல படிச்சதுதான்.

ராணிப்பேட்டை_மண்டெஸ்ட்:
மாட்டிக்கிச்சு. 2:1 வீட்டு ஃபூட்டிங்குக்கு கீழ அழுத்தம் எவ்ளோ, மண் எவ்ளோ இறங்கும்னு பாக்க வச்சது, உடையற பாரத்துக்கு இல்ல. ஜாக்-அப் வேலையில பாக்கற வழிகாட்டி விதிகளான எஸ்என்ஏஎம்இ, ஐஎஸ்ஓ 19905-1 ரெண்டுலயும் கிடைமட்டம் 1க்கு செங்குத்து 3லேர்ந்து 5 வரைக்கும். அதாவது நீ நெனச்சதை விட ரொம்ப கொஞ்சமாத்தான் விரியும்.

குடியாத்தம்_ரிக்காரர்:
தம்பி நான் மும்பை ஹைல (மும்பைக்கு மேற்கே கடல்ல இருக்கற எண்ணெய் வயல்) ஜாக்-அப்ல இருந்து ரிட்டயர் ஆனவன், ஃபார்முலா அவரு சொன்னதே போதும், நான் பாத்ததைச் சொல்றேன். ஏரி உள்வாயில மேல அரை அடி மணல் படிஞ்சிருக்கும், கீழ களி. டிராக்டர் முதல்ல நல்லாத்தான் போவும், அப்பறம் சக்கரம் கொஞ்சம் புதைஞ்சதும் கீழ இருக்கற மணல் தடிமன் குறையுதுல்ல, அப்போ தாங்கற சக்தியும் கூடவே குறையும், ஒரே அமுக்கா அச்சு வரைக்கும் போயிடும். ரிக்குலயும் அதேதான், பஞ்ச்-த்ரூன்னு சொல்லுவோம். அதனாலதான் பிரீலோட் (முன்கூட்டியே கூடுதல் பாரம் ஏத்தி காலை அமுக்கிப் பாக்கறது) பண்றப்ப ஹல்லை (ரிக்கோட மேல் உடல்) தண்ணிக்கு மேல ரொம்ப தூக்க மாட்டோம். டேங்க்ல கடல் தண்ணியை கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம், ஒரு கால் சடார்னு இறங்கினாலும் ஹல் தண்ணியில உக்காந்து மிதப்பு பிடிச்சுக்கும். அந்த ராத்திரி ஒருத்தனும் தூங்க மாட்டான், டீ மட்டும் சுத்திக்கினே இருக்கும். உன் 46ஐ நம்பி 40 வரைக்கும் ஏத்தலாம்னு எவனாவது எழுதிக் குடுத்தா காலு போச்சு.

பாலாறு_பையன்:
அய்யோ. இப்பவே போட்டுப் பாத்தேன். 1:3க்கு விட்டம் 16, 36.2 வருது. 1:5க்கு 14.4, 29.3 வருது. என்சி (களிமண் தாங்குதிறன் எண்) 6 வச்சேன், மணலோட எடையும் மேல் பாரமும் ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுடுச்சு. அந்த 110ஐ என்ன பண்றதுன்னுதான் புரியல.

ராணிப்பேட்டை_மண்டெஸ்ட்:
அது உச்சவரம்பு, அவ்ளோதான். மணல் ரொம்ப தடிமனா இருந்தா களிமண்ணு இருக்கறதே தெரியாம அது வரைக்கும் போலாம், உன் கேஸ்ல விட்டத்துல பாதிதான் தடிமன், களிமண்ணுதான் ராஜா. மணலே இல்லாம நேரா களிமண்ணு மேல வச்சா 20.4 வரும், அது கீழ் எல்லை. ஹன்னா-மேயர்ஹாஃப் பங்ச்சிங் ஷியரும் (பாதம் மணலைக் குத்தி களிமண்ணுக்குள்ள தள்ளுறதா வச்சுப் போடுற முறை) ஒரு தடவை போடு. எஸ்என்ஏஎம்இல கேஎஸ் டேன்ஃபைக்கு (அந்த முறையில மணலோட உராய்வுப் பிடிப்பைச் சொல்ற எண்) பதிலா 3 மடங்கு களிமண் வலிமையை விட்டம் பெருக்கல் யூனிட் வெயிட்டால வகுத்துக்கோன்னு இருக்கும், சார்ட் தேட வேணாம்.

பாலாறு_பையன்:
அது 0.83 வருது, மொத்தம் 25.4. டெப்த் ஃபேக்டர் (ஆழத்துக்கான திருத்தம்) இன்னும் சேக்கலண்ணா. பிளாக்ஸிஸ் 30 நடுவுல வந்து உக்காந்துடுச்சு! கைடு கிட்ட எதை எழுதட்டும்?

குடியாத்தம்_ரிக்காரர்:
25லேர்ந்து 36ன்னு மொத்தமா எழுது, ஒத்தை நம்பர் குடுக்காத. பிரீலோட் 25ஐத் தாண்டுதுன்னா பஞ்ச்-த்ரூ ஆபத்து கீதுன்னு பக்கத்துலயே போட்டுடு. போர்ஹோல் (மண் பாக்க போட்ட துளை) ஒண்ணே ஒண்ணா? மூணு காலுக்கு கீழயும் மணல் அதே 6 மீட்டர்தானான்னு பாத்தியா?

பாலாறு_பையன்:
ஒண்ணுதான் குடுத்தாங்கண்ணா... நாளைக்கு கைடு கிட்ட அதையே கேக்கறேன்.