பிரிட்டனின் ‘தி ஆபிஸ்’: இன்னும் உறுத்தும் காட்சி எது?

முதல் பதிவு
அமெரிக்கத் தொடரைச் சொல்லவில்லை. 2001இல் பிபிசி டூவில் வந்த மூலத்தொடர்; ஒரு காகித நிறுவன அலுவலகத்தை ஆவணப்படம்போலக் காட்டும் நகைச்சுவை. இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதியில் அலுவலக ஊழியன் டிம், தான் காதலிக்கும் வரவேற்பாளர் டானைத் தனியறைக்குள் அழைத்துப் போய்ச் சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றுகிறானே, அந்த இடம். சட்டென்று ஒலி அற்றுப்போகிறது. இருவரையும் பார்க்கிறோம், பேச்சு மட்டும் இல்லை. டிவியில்தான் கோளாறு என்று என் அறைத்தோழர் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தார். டிம் திரும்பி வந்து, அவள் மறுத்துவிட்டாள் என்று கேமராவிடம் சொன்ன பிறகுதான் அவர் விரல் நின்றது. ஆவணப்படம்போல எடுத்ததன் முழுப் பயனும் அங்கே இருக்கிறது.

இரண்டாம் பதிவு
எனக்கு அதே பகுதியில் அந்த அலுவலக மேலாளர் பிரென்ட் வேலைக்காகக் கெஞ்சும் இடம். நாங்கள் அதை டிவிடியில் பார்த்த சமயம் எங்கள் அலுவலகத்தில் ஆட்குறைப்பு. பிரென்டின் நடனத்தை உணவறையில் ஆடிக் காட்டுவார்கள். எங்கள் மேலாளரும் சேர்ந்து சிரிப்பார். பட்டியலில் அவர் பெயரே வந்தது. “மறுபடி யோசிக்க முடியாதா?” என்று மூடிய கதவுக்குள் அவர் கேட்டது வெளியே கேட்டது. பிரென்ட்மீது இரக்கம் வராதவர்கள் தொடரைச் சரியாகப் பார்க்கவில்லை.

மூன்றாம் பதிவு
சரியாகவே பார்த்தேன். முதல் பகுதியிலேயே பிரென்ட், திருட்டுப்பட்டம் கட்டி டானை வேலைநீக்கம் செய்வதாக விளையாடி அழவைக்கிறானே! வரவேற்பு மேசையில் வேலை பார்த்த என் அக்கா அந்த இடத்தில் எழுந்து போனவர், மிச்சத்தைப் பார்க்கவே இல்லை. அவன் கெஞ்சும்போது எனக்கு டானின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நான்காம் பதிவு
ஸ்லவ் நகரில், தொடரில் வரும் வெர்னம் ஹாக் காகித நிறுவனம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்காரப் பெரியவர் விசாரித்தார். அவ்வளவு நம்பினார்.

மூன்றாம் பதிவு நண்பரே, அக்காவை விட்டுவிடாதீர்கள். முதலில் சப்டைட்டிலைப் போடுங்கள். வாய்க்குள் முணுமுணுப்பவற்றில்தான் பாதி நகைச்சுவை. ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம், சங்கடம் தாங்காது. இரவுக்கு ஒரு பகுதி போதும். பருவத்துக்கு ஆறே பகுதிகள். பின்னணிச் சிரிப்பொலி கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். முதல் ஒளிபரப்பில் பிரிட்டனிலேயே பார்த்தவர்கள் குறைவு; மறுஒளிபரப்பும் டிவிடியும்தான் தொடரைத் தூக்கி நிறுத்தின. 2004 ஜனவரியில் சிறந்த நகைச்சுவைத் தொடர், சிறந்த நடிகர் இரண்டுக்கும் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. ஆகவே முதல் பார்வையில் பிடிக்காதது அக்காவின் குறையல்ல. முடியவில்லை என்றால் 2003 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதிகளிலிருந்து தொடங்கட்டும்.

ஐந்தாம் பதிவு
ஐயா, அந்த யோசனை மட்டும் வேண்டாம். அந்த ஆவணப்படம் தன்னைத் தவறாகக் காட்டிவிட்டது என்று பிரென்ட் அங்கே புலம்புகிறான். முன்பு அவன் செய்ததைப் பார்க்காதவர் அதை அப்படியே நம்பிவிடுவார். டிம் கொடுத்த ஓவிய வண்ணப்பெட்டியை டான் காரில் பிரிக்கும் இடமும், அந்தக் கழற்றிய மைக்கைக் கண்டவருக்கே புரியும். அக்கா டானுக்காக எழுந்து போனவர். டானின் கதையை முதலிலிருந்து பார்க்கட்டும்.