முதற்சம்பளத்தில் பாதியைப் பிடித்துவிட்டார்கள். ஆய்வை விட்டுத் திரும்பிவிடலாமா?

உப்புவெளி:
அனைவருக்கும் வணக்கம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துவிட்டு, கடலுயிரியலில் கலாநிதிப்பட்ட ஆய்வுக்காக இங்கு வந்து ஆறு கிழமைகள் ஆகின்றன. பயணச்சீட்டுக்கும் வீட்டு முற்பணத்துக்கும் மனைவியின் நகைகளை அடைவு வைத்துத்தான் வந்தேன். முதற்சம்பளத்தில் மீட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அந்தச் சம்பளம் இந்தக் கிழமை வந்தது, ஆனால் சரிபாதியை வரி என்று பிடித்துவிட்டார்கள். மேற்பார்வையாளருக்கு மூன்று மின்னஞ்சல்கள் எழுதியும் பதில் இல்லை. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று தோன்றுகிறது. இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சமாக இருப்பதால் நித்திரையும் இல்லை. தயவுசெய்து யாராவது வழி சொல்லுங்கள்.

சாம்பல்தீவு, இப்போது இங்கிலாந்து:
தம்பி, ஆய்வு மாணவருக்கு வரியே கிடையாது. எங்கோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இங்கே புலமைப்பரிசில் பணத்துக்கு வருமான வரி இல்லை, முழுநேர மாணவர் உள்ளூராட்சி வரியும் கட்டத் தேவையில்லை. அது தெரியாமல் நான் முதல் இரண்டு மாதங்கள் கட்டித் தொலைத்தேன். மாசி மாதக் குளிரில், வெப்பமூட்டியைப் போடப் பணம் இல்லாமல், திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் மனதில் நினைத்துக்கொண்டு போர்வைக்குள் கிடந்துதான் ஆய்வுக்கட்டுரைகளை வாசித்தேன். அதைத் தாங்கியவர் எதையும் தாங்குவார். ஒன்று மட்டும் சொல்கிறேன், மேற்பார்வையாளரிடம் பணக்கதை எடுக்காதீர்கள். பிறகு உங்களை அந்தக் கண்ணால்தான் பார்ப்பார்.

தம்பலகாமம், இப்போது ஜேர்மனி:
அண்ணா சொல்வதை நான் ஏற்கவில்லை. மேற்பார்வையாளரிடம் முதலில் சொல்ல வேண்டியதே பணக்கதைதான், ஏனெனில் எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று தெரிந்த ஆளை அவர்தான் காட்டுவார். வரி இல்லை என்பது புலமைப்பரிசிலில் இருப்பவருக்குப் பொருந்தும். வேலை ஒப்பந்தத்தில் இருப்பவருக்குப் பொருந்தாது. இங்கே வரி அடையாள எண்ணைக் கொடுக்கும்வரை ஆறாம் வரி வகுப்பில், மிகக் கூடிய வீதத்தில் பிடிப்பதுண்டு. அந்த எண்ணுக்கு முகவரிப் பதிவு வேண்டும், பதிவுக்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும், என் வீட்டுக்காரரோ அதை ஐந்து கிழமைகள் இழுத்தடித்தார். அந்த நாட்களில் நான் அழாத இரவு இல்லை. சம்பளம் அரைப்பதவிக்கு, வேலை மட்டும் முழுநாளும்!

உவர்மலை:
நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாரும் இப்படிப் போய் அழுதுகொண்டிருந்தால், இங்கே உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்க யார் இருக்கிறார்கள்? திரும்பி வருவதென்றால் தாராளமாக வரட்டும். நகையைப் பற்றிப் பதற வேண்டாம், வங்கி அடைவு என்றால் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கலாம்; தவணைத் திகதியை மனைவியிடம் கேட்டு வையுங்கள்.

சாம்பல்தீவு, இப்போது இங்கிலாந்து:
சேர், பட்டத்துடன் திரும்பி வந்தவர்களுக்கே பதவி இல்லை. என்னுடன் படித்தவர் இரண்டு ஆண்டுகளாக வெற்றிடத்துக்குக் காத்திருக்கிறார்.

தம்பலகாமம், இப்போது ஜேர்மனி:
பதவி இருந்தாலும் ஆய்வுகூடத்தில் உபகரணம் இருக்க வேண்டுமே.

திருக்கடலூர், இப்போது நோர்வே:
தம்பி எந்த நாட்டில் இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம், சம்பளத்தில் சரிபாதி வெட்டு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நோர்வே போலத் தெரிகிறது. சரியா? ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகள்? வரி அலுவலகத்துக்கு நேரில் போனீர்களா?

உப்புவெளி:
நோர்வேதான் அக்கா, மன்னிக்கவும். மூன்று ஆண்டு ஒப்பந்தம். பொலிஸில் வதிவிட அட்டைக்குக் கைரேகை கொடுத்தேன். வரி அலுவலகத்துக்குப் போகவில்லை, பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

திருக்கடலூர், இப்போது நோர்வே:
அப்படியானால் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. இங்கே கலாநிதிப்பட்ட ஆய்வு ஒரு வேலை. மூன்று ஆண்டுகள், கற்பித்தல் கடமை 25 சதவீதம் சேர்ந்தால் நான்கு. வரி அட்டை, அதாவது எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று காட்டும் ஆவணம், இல்லாத ஊழியரிடம் 50 சதவீதம் பிடித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அதைப் பெற இன்றே வரி அலுவலகத்தில் அடையாளச் சரிபார்ப்புக்கு நேரம் எடுத்து, கடவுச்சீட்டு, வதிவிட அட்டை, வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம் நான்கையும் கொண்டு போங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவோர் குடிவரவையும் அங்கே அறிவிக்க வேண்டும். வந்து எட்டு நாட்களுக்குள் செய்திருக்க வேண்டியது, பரவாயில்லை, இப்போதாவது செய்யுங்கள். புதிதாக வந்த வெளிநாட்டு ஊழியரைப் பொதுவாக ஒரே வீதமாக 25 சதவீதம் பிடிக்கும் நிலைவரித் திட்டத்தில்தான் சேர்ப்பார்கள். வரி அட்டை கிடைத்ததும், கூடுதலாகப் பிடித்ததை இந்த ஆண்டுக்குள்ளேயே சரிசெய்ய முடியுமா என்று சம்பளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.

மேற்பார்வையாளர் உங்களை வெறுக்கவில்லை, இது ஜூலை மாதம். நாடே விடுமுறையில் இருக்கிறது; என் முதல் ஜூலையில் துறைக் கட்டடம் முழுவதிலும் நானும் துப்புரவுப் பணியாளரும்தான் இருந்தோம். இணை மேற்பார்வையாளருக்கும் துறை நிருவாகிக்கும் எழுதுங்கள். நம்மூர் வழக்கப்படி ‘மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு’ என்று தொடங்காமல் முதற்பெயரால் விளித்து, கேள்வியை முதல் இரண்டு வரிக்குள் வையுங்கள்.

வரியைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வேலையில் சேர்ந்தது வேறு, கலாநிதிப்பட்ட நிரலில் அனுமதி பெறுவது வேறு. அந்த விண்ணப்பத்தை வழக்கமாக மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். அதில் ஆய்வுத் திட்டமும், குறைந்தது 30 கற்கைப் புள்ளிகளுக்கான பாடநெறிகளும் இருக்க வேண்டும். ஆறு கிழமைகள் ஏற்கெனவே போய்விட்டன. மேற்பார்வையாளர் ஓகஸ்டில் வரும்போது கையில் ஒரு வரைவு இருந்தால், அவரோடு பேச விடயம் இருக்கும்.

உப்புவெளி:
நன்றி அக்கா. வியாழக்கிழமை வரி அலுவலகத்தில் நேரம் கிடைத்துள்ளது. அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் நன்றியும் மன்னிப்பும்தான் இருக்கின்றன, கேள்வி ஒன்றும் இல்லை. இணை மேற்பார்வையாளருக்கு நான்கு வரியில் இப்போது எழுதி அனுப்பிவிட்டேன். சேர், அடைவுத் தவணை வருகிற 28ஆம் திகதி. மனைவி வட்டியைக் கட்டிவிடுவார்.