சேலத்திலிருந்து கோலாலம்பூர் மாநாட்டுக்கு: எந்த விமான நிலையம், எங்கே தங்குவது, சைவத்துக்கு என்ன வழி?

கன்னங்குறிச்சி வாத்தியார்

எங்க கல்லூரியிலிருந்து மூணு பேர் கோலாலம்பூர் மாநாட்டுக்குப் போறோம். இடம் கேஎல்சிசி கன்வென்ஷன் சென்டர், மூணு நாள். முதல் நாள் காலை 8.30க்குப் பதிவு, அதுக்கப்புறம் தொடக்க விழா. மூணு பேருமே இதுவரை வெளிநாடு போனதில்லை. ஒருத்தர் ஏற்காட்டுலேர்ந்து இறங்கி வரணும். ரெண்டு பேர் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. ஒருத்தர்கிட்ட ஏ0 அளவுல போஸ்டர் இருக்கு.

எந்த விமான நிலையம் சரி? ராத்திரி ஏறி முதல் நாள் காலையில இறங்கினா சமாளிக்க முடியுமா? ஒரு நாள் ரூம் வாடகை மிச்சமாகுமேன்னு கேக்கறேன். விசா, பணம், தங்கற இடம், சாப்பாடு பத்தியும் தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

ஐந்து ரோடு

திருச்சிதான் சார், யோசிக்கவே வேண்டாம். நாமக்கல், முசிறி வழியா சுமார் 140 கிலோமீட்டர். சென்னைன்னா 340. திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கு, நாலு மணி நேரத்துக்குள்ள போயிடும். காமலாபுரத்துல இருக்கற சேலம் விமான நிலையத்துலேர்ந்து சென்னைக்குப் பறந்து அங்கே மாறலாம்னு சிலர் சொல்வாங்க. ரெண்டும் தனித்தனி டிக்கெட்டா இருந்தா, முதல் விமானம் தாமதமாகி ரெண்டாவது போயிட்டா அந்தப் பணம் போனதுதான்.

பஸ்ஸுல போனா பஞ்சப்பூர் நிலையத்துல இறக்கிவிடுவாங்க. விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டுல இருக்கு, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கணும். மூணு பேர், பெட்டிகளோட போறதால சேலத்துலேர்ந்தே கார் பேசிக்கறது நல்லது. விமான நேரத்துக்கு மூணு மணி நேரம் முன்னால உள்ளே இருங்க.

அதே நாள் காலையில இறங்கறது வேண்டவே வேண்டாம். மலேசிய நேரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடும். அங்கே காலை 8.30ன்னா நம்ம ஊர்ல ஆறு மணிதான். காலை ஆறரைக்குத் தரை தொட்டாலும் குடிவரவு வரிசையே ஒரு மணி நேரம் இழுக்கலாம். அப்புறம் பெட்டி எடுக்கணும், நகரத்துக்குப் போக இன்னொரு மணி நேரம். ஹோட்டல்ல ரூம் தர்றதோ மதியம் ரெண்டு, மூணு மணிக்கு. தூங்காத கண்ணோட, பெட்டியை இழுத்துக்கிட்டு தொடக்க விழாவுக்குப் போய் உட்கார வேண்டியதாகும். ஒரு நாள் முன்னாலேயே போயிடுங்க.

விசா: இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாம அனுமதி 2023 டிசம்பர்ல தொடங்குச்சு, 2026 டிசம்பர் 31 வரை நீட்டிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் போறவங்க டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னால தூதரகத் தளத்துல பாத்துக்கோங்க. பாஸ்போர்ட் குறைஞ்சது ஆறு மாசம் செல்லணும். இது தவிர டிஜிட்டல் வருகை அட்டை ஒண்ணு உண்டு, எம்டிஏசின்னு சொல்வாங்க. இறங்கற நாளுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள மலேசியக் குடிநுழைவுத் துறையோட தளத்துல நிரப்பணும். காசு கிடையாது. கூகுள்ல தேடினா முதல்ல வர்ற சில தளங்கள் டாலர்ல பணம் கேக்கும், அதெல்லாம் இடைத்தரகர் வேலை. மூணு பேருக்கும் தனித்தனியா நிரப்பி, வர்ற மின்னஞ்சலை பிரிண்ட் எடுத்து வைங்க.

இன்னொண்ணு, இதை லேசா விடாதீங்க. வேலைக்குப் போறவங்களுக்கு இந்திய அரசு குடிபெயர்வு அனுமதி கேக்கற நாடுகள்ல மலேசியாவும் ஒண்ணு. சுற்றுலான்னு சொல்லிக் கூட்டிப்போய் வேலைக்கு விட்டு ஏமாத்தறது நடக்கறதால, திருச்சியில அதிகாரிங்க கேள்வி கேப்பாங்க. பாஸ்போர்ட்ல ஈசிஆர் முத்திரை (குடிபெயர்வுச் சோதனை தேவைங்கற குறிப்பு) இருந்தா கூடுதலாவே கேப்பாங்க. மாநாட்டு அழைப்புக் கடிதம், பதிவுக் கட்டண ரசீது, கல்லூரி கொடுத்த அனுமதிக் கடிதம், திரும்பி வர்ற டிக்கெட், ஹோட்டல் பதிவு, இந்த அஞ்சையும் காகிதத்துல ஆளுக்கொரு செட் வச்சுக்கோங்க. மூணையும் ஒருத்தர் பையில வச்சா, மத்தவங்க வேற கவுன்ட்டர்ல நிக்கும்போது முழிக்கணும்.

பணம்: நம்ம வங்கி கார்டுகள்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனை வழக்கமா அணைஞ்சே இருக்கும். ஊர்ல இருக்கும்போதே ஆப்ல போய் ஆன் பண்ணி, உச்சவரம்பையும் பாத்துடுங்க. ஓடிபி வரணும்னா நம்ம சிம்முல ரோமிங் வேலை செய்யணும். மலேசிய ரிங்கிட் நோட்டு எல்லா வங்கியிலயும் கையிருப்புல இருக்காது, ரெண்டு நாள் முன்னாலேயே சொல்லி வைங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி

வணக்கம் சார். இந்தப் பக்கத்து விவரத்தை நான் சொல்கிறேன்.

முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள். கேஎல்சிசி கன்வென்ஷன் சென்டர் வேறு, மிடெக் வேறு, உலக வர்த்தக மையம் வேறு. மூன்றும் மூன்று திசை. பெயர் குழம்பி தப்பான பக்கம் ஹோட்டல் எடுத்துவிட்டு, தினமும் நெரிசலில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

உங்கள் இடத்துக்கு இரண்டு பகுதிகள் பொருத்தம். ஒன்று புக்கிட் பிந்தாங். பெவிலியன் மாலிலிருந்து கன்வென்ஷன் சென்டர் வரை குளிரூட்டிய மேம்பால நடைபாதை இருக்கிறது. பதினைந்து இருபது நிமிட நடை, மழையில் நனைய வேண்டாம். வாடகை கொஞ்சம் கூடுதல். இன்னொன்று பிரிக்ஃபீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில், தமிழ்க் கடைகள் நிறைந்த தெருக்கள், வாடகையும் குறைவு. சைவம் இரண்டு பேர் என்கிறீர்களே, அதனால் என் ஓட்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்குத்தான்.

அங்கிருந்து காலையில் போகும் வழி: கேஎல் சென்ட்ரலில் கிளானா ஜெயா எல்ஆர்டி என்ற நகர ரயில், கோம்பாக் போகும் பக்கம். பசார் செனி, மஸ்ஜித் ஜாமேக், டாங் வாங்கி, கம்போங் பாரு, அடுத்தது கேஎல்சிசி. ஐந்தாவது நிறுத்தம். கட்டணம் மூன்று வெள்ளி பக்கம்தான், அதாவது ரிங்கிட். நிலையத்திலிருந்து சூரியா மாலுக்குள் நுழைந்து, பூங்காவைத் தாண்டினால் எதிர்ப்புறம் கன்வென்ஷன் சென்டர். அக்வாரியா மீன் காட்சியகம் பக்கம் போகும் சுரங்க நடைபாதையும் உண்டு, மழை நேரத்தில் அதைப் பிடியுங்கள். பத்து நிமிடம் வையுங்கள். மால் கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால் காலைப் பசியாறலை பிரிக்ஃபீல்ட்ஸிலேயே முடித்துவிடுங்கள். ஏழரையிலிருந்து ஒன்பது வரை ரயிலில் கூட்டம். 7.30க்கு நடைமேடையில் இருந்தால் பதற்றம் இல்லை.

டிக்கெட்டுக்கு டச் அண்ட் கோ அட்டை வாங்குங்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். ஒரே அட்டையை மூன்று பேர் பயன்படுத்த முடியாது. முதல் ஆள் உள்ளே போனதும் அந்த அட்டை "பயணத்தில் இருக்கிறது" என்று கணக்கில் ஏறிவிடும், அடுத்தவருக்குக் கதவு திறக்காது. அட்டை வேண்டாம் என்றால் இயந்திரத்தில் டோக்கன் எடுக்கலாம். நீல நிற பிளாஸ்டிக் காசு போல இருக்கும். உள்ளே போகத் தட்டுங்கள், வெளியே வரும்போது துளையில் போடுங்கள். இயந்திரம் பெரிய நோட்டை வாங்காது, ஒன்றும் ஐந்துமாகச் சில்லறை வைத்திருங்கள்.

விமான நிலையத்திலிருந்து: ஏர் ஏசியாவில் வந்தால் டெர்மினல் 2. கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் 33 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல், ஆளுக்கு 55 வெள்ளி. மூன்று பேருக்கு 165 ஆகிவிடும். அதனால் மூன்று பேர் சேர்ந்து வருகிறவர்களுக்கு ஆப்பில் கூப்பிடும் கிராப் வாடகைக் கார்தான் கட்டுப்படியாகும், டோலையும் சேர்த்தாலும் இதைவிடக் குறைவு, ஹோட்டல் வாசலிலேயே இறங்கலாம். தனியாக வருகிறவருக்கு பஸ் போதும், 20 வெள்ளிக்குள் கேஎல் சென்ட்ரல். மாலை ஐந்திலிருந்து எட்டுக்குள் இறங்கினால் மட்டும் ரயில். அந்த நேரம் சாலை நகராது, மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வருகை வாசலில் "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர்களோடு பேச்சே கொடுக்காதீர்கள்.

கிராப் ஆப்பை சேலத்திலேயே ஏற்றி, இந்திய எண்ணில் ஓடிபி வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். செல்ஃபி கேட்டால் அதையும் அங்கேயே முடியுங்கள். இங்கே வந்து புது சிம் போட்ட பிறகு தொடங்கினால் சிக்கும்.

ஹோட்டல் கணக்கில் ஒன்று: வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி. ஆன்லைனில் முழுப் பணம் கட்டியிருந்தாலும் பெரும்பாலும் கவுன்ட்டரில் தனியாகத்தான் வாங்குவார்கள். ஏமாற்று இல்லை. கல்லூரியில் செலவுக் கணக்கு காட்ட வேண்டுமென்றால் அதற்கும் ரசீது கேளுங்கள். சில இடங்களில் முன்பணமும் பிடித்து, போகும்போது திருப்பித் தருவார்கள்.

வெள்ளிக்கிழமை மாநாட்டு நாளாக இருந்தால் மதிய இடைவேளை நீளமாக இருக்கும், ஜும்ஆ தொழுகை நேரம். அலுவலக வேலை எதையும் அன்று பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சேர்வராயன் காப்பி

ஏற்காட்டுலேர்ந்து வர்றவருக்கு: ராத்திரி விமானம்னா மதியமே மலை இறங்கிடுங்க. 20 கொண்டை ஊசி வளைவு, சாயங்காலம் பனி மூடினா வண்டி ஊர்ந்துதான் வரும். வார இறுதி, கோடை விழா நாட்கள்ல அடிவாரம் வரை வண்டி நிக்கும். முந்தின ராத்திரியே சேலத்துல தங்கிட்டா இன்னும் நிம்மதி.

காப்பி, மிளகு பரிசா கொண்டு போறதா இருந்தா, வறுத்து அரைச்சு கடையில சீல் வச்ச காப்பித்தூள் பாக்கெட்டா இருக்கட்டும். பச்சைக் கொட்டை, விதை, நாத்து, ஆரஞ்சுப் பழம் இதெல்லாம் எடுத்துட்டுப் போகாதீங்க. செடி, விதை, பழத்துக்கு அங்கே இறக்குமதி அனுமதி வேணும், இல்லைன்னா வாங்கி வச்சுக்குவாங்க.

போஸ்டர்: ஏ0ன்னா 841க்கு 1189 மில்லிமீட்டர். ஃப்ளெக்ஸ்ல அடிச்சா சுருட்டிக் குழாயிலதான் போகணும். குறைஞ்ச கட்டண விமானத்துல கைப்பை அளவு 56 சென்டிமீட்டர்தான், எடை மொத்தம் 7 கிலோ. 85 சென்டிமீட்டர் குழாயைப் பாத்தா கவுன்ட்டர்ல நிறுத்தி தனி லக்கேஜா காசு கேக்கலாம். துணியில அச்சடிங்க. சட்டை மாதிரி மடிச்சு பெட்டியில வச்சுடலாம். ஹோட்டல்ல இஸ்திரிப் பெட்டி கேட்டு, பின்பக்கமா, குறைஞ்ச சூட்டுல தேய்ங்க. முன்பக்கம் தேய்ச்சா மை இழுக்கும். பிடிஎஃப் கோப்பை மெயில்லயும் போட்டு வைங்க. நிகழ்ச்சிக்காரங்க தர்ற பலகை நிமிர்ந்ததா படுத்ததான்னு அச்சடிக்கறதுக்கு முன்னால கேட்டுக்கோங்க. நிறைய பேர் கோட்டை விடற இடம் அதுதான்.

பிளக்: அங்கே சதுரக் கால் மூணு உள்ள பிரிட்டிஷ் மாதிரி. நம்ம உருண்டைக் கால் நுழையாது. மேல இருக்கற எர்த் துளையில கால் போனாத்தான் கீழ் ரெண்டு துளையோட மூடி திறக்கும். அதுக்காகப் பேனாவை விட்டு நெம்பறதெல்லாம் செய்யாதீங்க. எர்த் காலோட வர்ற அடாப்டர் ஆளுக்கு ஒண்ணு சேலத்துலயே வாங்கிடுங்க. பவர் பேங்க் கைப்பையில மட்டும்.

செவ்வாய்பேட்டை அக்கா

சாப்பாட்டைப் பத்தி நான் சொல்றேன் தம்பி. சைவம்னு சொன்னா அங்கே பல கடையில "இறைச்சி இல்லை"ன்னுதான் எடுத்துக்குவாங்க. மீன், இறால், முட்டை அந்தக் கணக்குல வராது.

நாசி லெமாக் பாக்க சைவம் மாதிரி இருக்கும். தேங்காய்ப்பால் சோறு, வெள்ளரி, வேர்க்கடலை. ஓரத்துல வைக்கற சிவப்பு சம்பல்ல பெலாச்சான் இருக்கும், அது இறால் விழுது. கூட நெத்திலியும் உண்டு. ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு தருவாங்க, ஆனா அது மேல ஒரு கரண்டி மீன் குழம்பை ஊத்தறது வழக்கம். சில இடத்துல மாவுலயே முட்டை சேரும். மாமாக் கடைன்னு சொல்ற தமிழ் முஸ்லிம் கடைகள்ல பெரும்பாலும் தமிழ்லயே கேக்கலாம்: "மாவுல முட்டை இருக்கா? மீன் குழம்பு ஊத்தாம வெறும் பருப்பு குடுங்க." மத்த கடைகளுக்கு நாலு மலாய்ச் சொல் போதும். தெலூர்னா முட்டை, இக்கான்னா மீன், உடாங்னா இறால். முன்னால "தக் மாவ்" சேர்த்தா வேண்டாம்னு அர்த்தம். சீன சைவ உணவகங்கள்ல பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்காத கடைகள் இருக்கு, ஆனா முட்டை போடறதும் உண்டு. கேட்டுட்டு உட்காருங்க.

மாநாட்டு மதியச் சாப்பாட்டுக்கு, பதிவுப் படிவத்துல வெறும் "வெஜிடேரியன்"னு டிக் அடிச்சு விட்டுடாதீங்க. "இந்திய சைவம், முட்டை, மீன் சாஸ், இறால் விழுது கூடாது"ன்னு ஆங்கிலத்துல மெயில் போட்டு, பதில் வாங்கிக்கோங்க. அந்த மெயிலை ஃபோன்ல வச்சிருந்து பரிமாறறவங்ககிட்ட காட்டலாம். பஃபேயில ஒரே கரண்டி ரெண்டு பாத்திரத்துக்கும் போகும், அதனால வரிசை ஆரம்பிச்சதுமே போய் எடுத்துடுங்க.

ராத்திரிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாழையிலைச் சாப்பாடு, தோசை, இட்லி எல்லாம் கிடைக்கும். ஒரு பாக்கெட் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் பெட்டியில போட்டுக்கோங்க. அப்புறம் ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ அவசியம். வெளியே 33 டிகிரி வேர்க்கும், அரங்கத்துக்குள்ளே ஏசி ஏற்காட்டு மார்கழி மாதிரி இருக்கும். குடையும் வேணும், மதியத்துக்கு மேல இடியோட மழை சகஜம்.

கன்னங்குறிச்சி வாத்தியார்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. திருச்சி, ஒரு நாள் முன்னாலேயே, பிரிக்ஃபீல்ட்ஸ்னு முடிவு பண்ணிட்டோம். கடைசி நாள் மதியம் நிகழ்ச்சி முடியுது, விமானம் அன்னிக்கு ராத்திரி. நடுவுல பத்துமலை போய்ட்டு வர நேரம் இருக்குமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி

விமானம் ராத்திரி பத்துக்கு மேல் என்றால் போகலாம், ஆனால் மாலையைவிட மாநாட்டுக்கு முந்தின நாள் நல்லது. நீங்கள்தான் ஒரு நாள் முன்னாலேயே வருகிறீர்களே. காலையில் இறங்கி, பெட்டியை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு, கேஎல் சென்ட்ரலில் கேடிஎம் கொமுட்டர் ஏறினால் மாறாமல் பத்துமலையிலேயே இறங்கலாம். ரயில் அடிக்கடி கிடையாது, ஒன்றை விட்டால் அரை மணி, முக்கால் மணி காக்க வேண்டும். திரும்பும் நேரத்தை இறங்கியதுமே பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள பெட்டி பெண்களுக்கு மட்டும். படிகள் 272, வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள். முழங்கால் மூடிய உடை வேண்டும். கையில் பழமோ தீனிப் பையோ இருந்தால் குரங்கு பிடுங்கும்.

ஐந்து ரோடு

முருகன் சிலை அங்கே 140 அடி. நம்ம புத்திரகவுண்டன்பாளையம் முத்துமலை முருகன் 146. படம் எடுத்துட்டு வாங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

திரும்பும்போது கவனம்: கவுன்ட்டர் விமான நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால மூடிடும். டெர்மினல் 2ல கேட் வரைக்கும் நடை நீளம். சாயங்கால நெரிசல்ல கிராப் வேண்டாம், அன்னிக்கு மட்டும் 55 ரிங்கிட் குடுத்து ரயில்லயே போயிடுங்க. டச் அண்ட் கோ அட்டையில மிச்சம் இருக்கற காசை அதுக்குப் பயன்படுத்தலாம். ராத்திரி பத்து மணி விமானம்னா ஆறரைக்கு கேஎல் சென்ட்ரல்ல இருங்க.