உதவி: படம் எடுத்தது ஓரிடம், மேப்பில் விழுவது வேறிடம்

கொறங்காட்டுக்காரன்:
வணக்கமுங்க. அவசரமாக ஓர் உதவி வேண்டும். இயற்கைப் பதிவு ஆப்பில் நான் படத்தோடு பதிகிற செடி, பூச்சி, குருவி எல்லாம் மேப்பில் தப்பான இடத்தில் விழுகின்றன. காட்டில் எடுத்த படம் அத்தனையும் எங்கள் வீட்டு மேலேயே குவிந்து கிடக்கிறது. ஓர் ஆமையும் பதிந்தேன், அது சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் ஊரில் போய் நிற்கிறது. ஜிபிஎஸ் ஆன் செய்துதான் வைத்திருந்தேன். ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பவும் ஏற்றிப் பார்த்தாச்சு, ஒன்றும் மாறவில்லை. மழை பெய்து எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காடு முழுக்கப் பச்சையாக நிற்கிறது, இப்போது விட்டால் இந்தப் பூவெல்லாம் அடுத்த மழைக்குத்தான். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க.

அவினாசி அக்கா:
எந்த ஆப் தம்பி? போனில் எடுத்த படமா, கேமராவில் எடுத்ததா? இடத்தை நீங்களே குறித்தீர்களா, தானாக வந்ததா? இதைச் சொன்னால்தான் யாராலும் ஏதாவது சொல்ல முடியும்.

அமராவதிக்கரை:
இது வாட்ஸ்அப் வேலைதான், சந்தேகமே வேண்டாம். படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பி, அங்கிருந்து இறக்கி ஏற்றினால் படத்துக்குள் இருக்கிற இட விவரம் முழுக்கக் கழன்றுவிடும். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு இதே தொந்தரவு இருந்தது. டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன், சரியாகிவிட்டது. நீங்களும் அப்படியே செய்யுங்க.

வேங்கைமரம்:
இடம் இல்லாமல் போவது வேறு, இடம் தப்பாக விழுவது வேறு. வாட்ஸ்அப் இடத்தை அழிக்கும், புதிதாக ஓர் இடத்தைக் கொண்டுவந்து ஒட்டாது. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் பதில் எழுதினால் கேட்டவர் இன்னும் குழம்பிப் போவார். கேட்டவருக்கும் ஒன்று. உதவி கேட்கும்போது என்னென்ன விவரம் தர வேண்டும் என்று இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது. யாரும் படிப்பதில்லை, அப்புறம் சீக்கிரம் சொல்லுங்க என்று அவசரப்படுத்துவது.

சென்னிமலைக் காற்று:
வண்டியை விட்டு இறங்கினதும் எடுத்த படமாக இருக்குமுங்க. போன் செயற்கைக்கோளைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், அதுவரை கடைசியாகத் தெரிந்த இடத்தையே எழுதிவிடும். வெள்ளோட்டில் நான் எடுத்த கூழைக்கடா இப்படித்தான் வழியில் டீ குடித்த கடை மேல் விழுந்தது. இறங்கினதும் மேப்பைத் திறந்து வைத்து, நீலப்புள்ளி ஓரிடத்தில் நின்ற பிறகு முதல் படத்தை எடுங்க.

கொறங்காட்டுக்காரன்:
ஆப் ஐநேச்சுரலிஸ்ட்தானுங்க. படம் எடுத்தது கேமராவில், அதில் ஜிபிஎஸ் கிடையாது. போனில் டிராக் (போகிற வழியை நேரத்தோடு பதிவது) ஓடவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஓர் இலவச மென்பொருளில் டிராக்கையும் படத்தையும் சேர்த்து ஏற்றினேன். எல்லாரும் செய்வதுதானே என்று தனியாக எழுதவில்லை. ஆமை மட்டும் போனில் எடுத்தது. வாட்ஸ்அப் பக்கமே போகவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தாவரவியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்தக் கருவியையும் முழுக்க நம்ப வேண்டாம். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். தேதி, மணி, எந்த இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகிற பாதை), யார் தோட்டத்துக்கு எதிரில், மண் செம்மண்ணா சரளையா, செடி எதன் நிழலில் நிற்கிறது, எதன் மேல் படர்ந்திருக்கிறது, பூவா காயா, இவ்வளவும் அங்கேயே நின்று எழுதுங்கள். மேப் எங்கே காட்டினாலும் இடம் உங்கள் கையில் இருக்கும். தும்பையைப் பதிகிறவர்கள் எல்லாரும் வெள்ளைப் பூவை மட்டும் படம் எடுத்து வருகிறார்கள். தும்பையில் பல வகை உண்டு. பூவுக்கு அடியில் இருக்கிற புல்லிவட்டத்தின் வாய் நேராக இருக்கிறதா, ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் சாதாரணத் தும்பையில் அது நன்றாகச் சரிந்திருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இது விழாது. நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் ஆறு மாதம் கழித்தும் பேர் கண்டுபிடிக்கலாம்.

வேங்கைமரம்:
ஐயா, அவர் கேட்டது தும்பையைப் பற்றி இல்லை.

நொய்யல்கரை:
வீட்டு மேல் குவிந்து கிடக்கிறது என்கிறீர்களே, அந்தப் படங்கள் எத்தனை மணிக்கு எடுத்தவை? அன்று எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீர்கள்? வந்த பிறகும் டிராக் ஓடிக்கொண்டிருந்ததா?

கொறங்காட்டுக்காரன்:
காலை ஏழு மணியிலிருந்து எடுத்தது. பன்னிரண்டுக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். டிராக்கை நிறுத்த மறந்து ராத்திரிதான் நிறுத்தினேன். ஏனுங்க, அதனால் ஏதாவது ஆகுமா?

நொய்யல்கரை:
அப்போது சிக்கல் நேரத்தில்தான், ஜிபிஎஸ்ஸில் இல்லை. டிராக் சேமிக்கப்படுகிற ஜிபிஎக்ஸ் கோப்பு தன் நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் போகிறது. உங்கள் கேமரா நம்மூர் நேரப்படி 7:00 என்று எழுதிவைக்கிறது. மென்பொருள் அதை யூடிசி 7:00 என்று எடுத்துக்கொண்டால், டிராக்கில் அது தேடிப் போவது நம்மூர் நேரம் 12:30-க்கு நீங்கள் இருந்த இடத்தை. அப்போது நீங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள். காலை ஏழிலிருந்து எடுத்த ஒவ்வொரு படமும் இப்படியே மத்தியானத்துக்குத் தள்ளிப் போய் வீட்டு மேல் இறங்கியிருக்கிறது. ஜிபிஎஸ் தடுமாறினால் புள்ளிகள் இங்கும் அங்கும் சிதறும். இப்படி ஒரே இடத்தில் குவியாது.

மென்பொருளில் கேமராவின் நேர மண்டலம் என்ன என்று கேட்கிற இடம் ஒன்று இருக்கும், அதில் +05:30 வைத்துத் திரும்பச் சேருங்கள். கூடவே இன்னொன்றும் செய்யுங்கள். கேமரா கடிகாரம் நாள்பட நாள்பட விலகும், அதனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் போனில் விநாடி தெரிகிற கடிகாரத்தைத் திறந்து அதைக் கேமராவால் ஒரு படம் எடுத்து வையுங்கள், எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். நடந்து போகும்போது 2 நிமிடம் பிசகினால் நூறு, நூற்றைம்பது மீட்டர்தான் தள்ளும். வண்டியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே 2 நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிவிடும், செடி அடுத்த ஊர்க் கணக்கில் போய்ச் சேரும்.

அமராவதிக்கரை:
சரி, கேமரா படத்துக்கு அது பொருந்தும். ஆமை போனில் எடுத்ததாயிற்றே? அது எப்படி வேறு ஊருக்குப் போகும்? போனில் எடுத்ததை யாருக்கோ அனுப்பியிருப்பார், நான் இன்னமும் வாட்ஸ்அப் என்றுதான் சொல்வேன்.

அவினாசி அக்கா:
என்ன ஆமை தம்பி? மேப்பை உங்கள் கணக்கில் நுழைந்து பார்த்தீர்களா, வேறு யார் போனிலாவது பார்த்தீர்களா?

கொறங்காட்டுக்காரன்:
நட்சத்திர ஆமைங்க. (ஊர்ப் பெயர் நீக்கப்பட்டது) பக்கத்து இட்டேரியில், கிளுவை வேலி ஓரமாகக் கொழுக்கட்டைப் புல்லுக்குள் இருந்தது. ஓட்டில் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விரிந்து இறங்குகின்றன, வாயோரம் தின்ற புல்லின் பச்சை ஒட்டியிருந்தது. நான் குனிந்ததும் புஸ் என்று மூச்சை விட்டுத் தலையை இழுத்துக்கொண்டது. தொடவில்லைங்க. சந்தோஷத்தில் அன்றைக்கே மச்சானுக்குச் சொல்லி, அவர் போனில்தான் மேப்பைப் பார்த்தோம். அதில்தான் வேறு ஊரைக் காட்டியது.

அவினாசி அக்கா:
முதலில் மேலே எழுதிய ஊர்ப் பெயரை எடுத்துவிடுங்க. இப்போதே.

மேப் தப்பாகக் காட்டவில்லை, வேண்டுமென்றேதான் அப்படிக் காட்டுகிறது. ஆபத்தில் இருக்கிற உயிர் என்று குறிக்கப்பட்டவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை மறைத்துவிடும். 0.2 டிகிரிக்கு 0.2 டிகிரி என்று ஒரு கட்டம், நம் பக்கத்தில் ஒரு பக்கமே 20 கிலோமீட்டருக்கு மேல் வரும், அதற்குள் ஏதோ ஒரு புள்ளியை மற்றவர்களுக்குக் காட்டும். தேதியிலும் மாதம் வருஷம்தான் வெளியே தெரியும். பதிந்தவர் தன் கணக்கில் நுழைந்து பார்த்தால் உண்மையான இடம் இருக்கும். நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்க்கவென்று பிடித்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். அதனால்தான் 2019-ல் அதை, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்குக் கொண்டுபோனார்கள். மெதுவாக நடக்கிற ஜீவன், இடம் தெரிந்தால் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வந்தால் போதும் அவர்களுக்கு.

கொறங்காட்டுக்காரன்:
எடுத்துவிட்டேன் அக்கா. என் கணக்கில் சரியான இடம்தான் காட்டுகிறது.

வேங்கைமரம்:
ஆமையை மட்டும் மறைத்தால் போதாது. இதை யாரும் யோசிப்பதில்லை. இப்போது உங்கள் செடியெல்லாம் தப்பாக வீட்டு மேல் கிடக்கிறது, அதனால் ஆமையின் இடம் தெரியவில்லை. +05:30 வைத்துத் திருத்திய அடுத்த நிமிடம், ஆமைக்கு முன்னும் பின்னும் அதே இட்டேரியில் நீங்கள் எடுத்த ஆவாரையும் வேலிப்பருத்தியும் துல்லியமான இடத்தில் போய் நிற்கும், அதுவும் எல்லாருக்கும் தெரியும்படி. தேதியை மறைத்தாலும் நீங்கள் ஏற்றிய வரிசையை வைத்தே ஒருவன் பக்கத்துப் பதிவுகளைப் பார்த்து இட்டேரியைக் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே முதலில் அந்த நாளின் பதிவுகள் எல்லாவற்றையும் இடம் மறைத்தது என்று மாற்றுங்கள். அதற்குப் பிறகு நேரத்தைத் திருத்துங்கள். வரிசை மாறக் கூடாது.

நொய்யல்கரை:
இது எனக்குத் தோன்றவே இல்லை. நல்லவேளை சொன்னீர்கள்.

வேங்கைமரம்:
உங்கள் பதிவுகளைப் பார்த்தேன். அந்த வேலிக் கிளுவையைத் தானாக வளர்ந்தது என்று பதிந்திருக்கிறீர்கள். அது நட்ட செடி. அப்படிக் குறிக்காவிட்டால் ஆராய்ச்சிக்குப் பயன்படுகிற பதிவு என்ற ஆராய்ச்சித் தரம் ஏறி உலகத் தரவுக்குள் போய்விடும். பேர் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது, இதெல்லாமும் தெரிந்திருக்க வேண்டும்.

காங்கயத்துக்காரர்:
என்னங்க இப்படிச் சொல்றீங்க. எங்கள் கொறங்காட்டுக் கிளுவை வேலி எங்கள் அப்பாரு காலத்துக்கும் முந்தியது. யாரும் ஒரு குடம் தண்ணீர் விட்டதில்லை. வெயில் காலத்தில் மொட்டையாக நிற்கும், ஒரு மழைக்கு மும்மூன்று இலையாகத் துளிர்த்துவிடும். மேலே கோவையும் பிரண்டையும் ஏறிக் கிடக்கின்றன, அடியில் கௌதாரி முட்டை வைக்கிறது. அதைத் தொட்டிச் செடியோடு சேர்த்து நட்டது என்று தள்ளினால் எங்கள் ஊரில் கணக்கில் வர என்ன மிஞ்சும்?

வேங்கைமரம்:
எவ்வளவு காலமாக நிற்கிறது என்பது கேள்வியே இல்லை. மனிதன் வேண்டுமென்று வைத்ததால் அந்த இடத்தில் நிற்கிறதா என்பதுதான் விதி. கிளுவை போத்து (கிளைத் துண்டு) வெட்டி வரிசையாக ஊன்றியது. அதே காட்டுக்குள் நிற்கிற வெள்வேல் அப்படி வந்ததில்லை, ஆடு காயைத் தின்று புழுக்கையோடு போட்ட விதையில் முளைத்தது. அது தானாக வளர்ந்தது. வேலி மேல் ஏறிய கோவையும் பிரண்டையும் அப்படித்தான், தாராளமாகப் பதியலாம். கிளுவை மட்டும் இல்லை.

காங்கயத்துக்காரர்:
வேலியிலிருந்து விதை விழுந்து தள்ளி முளைத்த கிளுவைக் கன்றும் இருக்குங்க. அதையும் நட்டது என்பீர்களா?

வேங்கைமரம்:
அது தானாக வளர்ந்தது. ஆனால் வரிசையை விட்டு விலகி நிற்பது தெரிகிற மாதிரி படம் வேண்டும். வேலியின் ஒரு கிளையை மட்டும் எடுத்துவிட்டுக் கன்று என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் உண்டு. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான், நட்டது என்பதற்காகக் கிளுவையைப் பதியாமல் விட்டுவிடாதீர்கள். நட்டது என்று குறித்தே பதியுங்கள், குறிப்பில் உயிர்வேலி என்றும் எழுதுங்கள். ஆராய்ச்சித் தரம் கிடைக்காவிட்டால் போகட்டும். வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டுகிறார்கள், எந்த இட்டேரியில் எந்த வருஷம் வரை கிளுவை இருந்தது என்று பின்னால் ஒருவர் தேடினால் இந்தப் பதிவுதான் இருக்கும்.

காங்கயத்துக்காரர்:
வாத்தியார் சொன்னால் சரிங்க. விதி சரியில்லை என்பது என் எண்ணம், அதில் மாற்றமில்லை.

கொறங்காட்டுக்காரன்:
அந்த நாள் பதிவு முழுக்க மறைத்துவிட்டுத்தான் +05:30 வைத்தேன். படத்திலெல்லாம் இடம் சரியாக ஏறிவிட்டது. எல்லாருக்கும் நன்றிங்க. கிளுவையைப் பற்றி அப்புறம் வந்து எழுதுகிறேன், ஆட்டைப் பட்டிக்கு ஓட்டணும்.

அவினாசி அக்கா:
தம்பி, படத்தில் திருத்தினால் ஏற்கெனவே ஏற்றிய பதிவில் இடம் தானாக மாறாது. தளத்தில் உங்கள் பதிவுகள் பக்கத்தில் தொகுப்பாகத் திருத்துகிற வசதி இருக்கிறது, அதில் போய் மாற்றுங்க. மற்ற நாள்களில் இதே மாதிரி டிராக்கோடு சேர்த்து ஏற்றியவற்றையும் பாருங்க, அவையும் ஐந்தரை மணி தள்ளித்தான் இருக்கும்.

பவானி சங்கமம்:
எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் படமெல்லாம் கடலுக்குள் விழுகிறது. என்ன செய்ய?

வேங்கைமரம்:
எந்தக் கடல்? ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடா என்றால் உங்கள் படத்தில் இடம் 0, 0 என்று எழுதியிருக்கிறது, அதாவது ஜிபிஎஸ் இடத்தைப் பிடிக்கவே இல்லை. தனியாக ஓர் இழை தொடங்குங்கள். போனா கேமராவா, எந்த ஆப், படத்தை எப்படி ஏற்றினீர்கள் என்று முதலிலேயே எழுதுங்கள்.