அன்றாட வேலையும் பயணமும் பாடமாக வேண்டுமென்றால் எப்படித் திட்டமிடுவது?

இளந்தளிர்:
7 வயது, 11 வயதுப் பிள்ளைகள் இருவர், வீட்டிலேயே படிக்கிறார்கள். சமையல், தோட்டம், கடைகண்ணி, ஊர் சுற்றுவது எல்லாவற்றையும் பாடமாக்கத்தான் விருப்பம். ஆனால் "இன்று மாவு அளந்தோம்" என்று எழுதி வைத்தால், அதில் கணக்கு எவ்வளவு உள்ளே போனது என்று பிடிபடுவதில்லை. கேட்க நினைப்பது மூன்று: சமையலறைக் கணக்கே போதுமா, தனியாகப் புத்தகம் வேண்டுமா? இரண்டு வயதுக்கும் ஒரே வேலையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது? அடுத்த மாதம் ரயிலிலும் காரிலுமாக இரண்டு வாரப் பயணம். பாடப்புத்தக மூட்டை இல்லாமல் என்ன செய்யலாம்?

படிக்கல்:
சமையலறையில் பின்னமும் விகிதமும் நன்றாக வரும். மற்ற கணக்கு அவ்வளவாக வராது.

சின்னவருக்கு: அரை, மூன்றில் ஒன்று, கால் என்று மூன்று அளவுக் கப்புகள், ஒரு பாத்திரம் தண்ணீர். ஊற்றுவதற்கு முன் எது பெரியது என்று கேளுங்கள். 3-ஐ விட 4 பெரிய எண், அதனால் கால் கப்தான் பெரியது என்ற பதில் அடிக்கடி வரும். உடனே திருத்த வேண்டாம். ஒரு முழுக் கப்பை நிரப்ப ஒன்றுக்கு 3 முறை, இன்னொன்றுக்கு 4 முறை ஆகிறது என்று எண்ணிப் பார்த்தால் தானே விளங்கும்.

பெரியவருக்கு அதே மேசையில் ஒரு தராசு. 250 மில்லி கப்பில் தண்ணீர் 250 கிராம் வரும். சர்க்கரை 200-க்குச் சற்று மேல். சலித்த கோதுமை மாவு 130-ஐ ஒட்டி நிற்கும். அதே மாவை அழுத்தி நிரப்பினால் 150-ஐத் தாண்டிவிடும். ஒரே கப், ஏன் வேறு வேறு எடை? அடர்த்திப் பாடம் அங்கே தொடங்கிவிட்டது. கிண்ணத்தின் எடையைக் கழிக்க மறப்பதுதான் வழக்கமான பிழை. தராசில் இருக்கும் பூஜ்யப் பொத்தானை முதல் சில தடவைகள் காட்டாதீர்கள், கையால் கழிக்கட்டும்.

அடுத்தது, 4 பேருக்கான அளவை 6 பேருக்கு மாற்றுவது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. "இரண்டு பேர் கூடுதல், அதனால் எல்லாவற்றிலும் இரண்டு கூட்டு" என்பார்கள். விகிதம் இன்னும் பிடிபடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஒன்றரை மடங்கு என்று பிடித்துவிட்டால் முக்கால் கப் ஒன்றே அரைக்கால் (1⅛) கப் ஆகும். முதலில் முக்கால், பிறகு அதில் பாதி என்று இரண்டு படியாக ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

நீள் வகுத்தல், எதிர்ம எண், இயற்கணிதம் இவையெல்லாம் அடுப்படிக்குத் தேடி வராது. கணக்கு படிப்படியாக ஏறும் பாடம். நடுவில் ஒரு படி விட்டுப்போனால் மேலே இருப்பது ஆடும். தினமும் 20 முதல் 30 நிமிடம் வரிசையான புத்தகக் கணக்கு வேண்டும், சின்னவருக்கு 15 நிமிடம் சத்தமாக வாசிப்பும் வேண்டும். அறிவியல், புவியியல், வரலாறு மூன்றையும் தாராளமாக ஊர் சுற்றலுக்கு விட்டுவிடலாம்.

மைல்கல்:
பயணத்துக்கு நான் சொல்றேன். சாமான் கொஞ்சம்தான்: நோட்டு, ஸ்டாப்வாட்ச், அளவுகோல், நூல்கண்டு, பாகைமானி, ஒரு உறிஞ்சுகுழல்.

வேகம்: ஜன்னல்ல கிலோமீட்டர் கல் தெரியுற பாதையா இருந்தா, ஒரு கல்லுலேர்ந்து அடுத்த கல்லுக்கு எத்தனை வினாடின்னு சின்னவர் எண்ணட்டும். 3600-ஐ அந்த வினாடியால வகுத்தா மணிக்கு எத்தனை கிலோமீட்டர்னு வந்துடும். அது பெரியவர் வேலை. 45 வினாடின்னா 80. கை ஒரு வினாடி தாமதிச்சாலே விடை 78-க்கு இறங்கிடும். அதனால 5 கிலோமீட்டரைச் சேர்த்து அளந்து 18,000-ஐ வகுக்கச் சொல்லுங்க, அதே ஒரு வினாடிப் பிழை ஐந்துல ஒரு பங்காயிடும். ஏன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும், சொல்லிடாதீங்க.

வரைபடம்: காகிதத்துல இருக்கணும். வளைஞ்சு போற சாலை மேல நூலை வச்சு, அப்புறம் அதை நிமிர்த்தி அளவுகோல்ல அளக்கணும். 1:50,000 வரைபடம்னா 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பெரிசாக்கியோ சின்னதாக்கியோ அச்செடுத்த பிரதியில இந்த எண்ணை நம்பாதீங்க. படம் மாறிடும், அச்சான எண் அப்படியே இருக்கும். ஓரத்துல கோடு போட்டுக் காட்டியிருக்குற அளவைதான் படத்தோட சேர்ந்து மாறும்.

துருவ நட்சத்திரம்: வடக்கு அரைக்கோளத்துல மட்டும் நடக்கும். பாகைமானியோட நேர் விளிம்புல உறிஞ்சுகுழலை ஒட்டி, விளிம்போட நடுப்புள்ளியில நூல்ல ஒரு சின்ன எடையைத் தொங்கவிடுங்க. குழல் வழியா நட்சத்திரத்தைப் பாருங்க. நூல் 90-லேர்ந்து எத்தனை பாகை விலகியிருக்கோ, ஏறக்குறைய அதுதான் உங்க அட்சரேகை. கையால செஞ்ச கருவியில 2, 3 பாகை தப்பு வரும். ஒரு பாகைக்கு வடக்கு தெற்கா சுமார் 111 கிலோமீட்டர். அதனால 300 கிலோமீட்டருக்குள்ள இருக்குற பயணத்துல இதைச் செஞ்சா வித்தியாசம் தெரியாம ஏமாந்துடுவாங்க. இந்தக் குழல் வழியா சூரியனைப் பார்க்கவே கூடாது, முன்னாடியே கண்டிப்பா சொல்லிடுங்க.

ஒரே இடத்துல ஒரு நாள் தங்கினா நிழல் குச்சி. நூல்குண்டு வச்சு நேரா நட்ட குச்சி, காலையில நிழல் நுனி தொடுற தூரத்துல குச்சியைச் சுத்தி ஒரு வட்டம். பிற்பகல்ல நுனி திரும்ப வட்டத்தைத் தொடும். ரெண்டு புள்ளிக்கும் நடுவே குச்சியிலேர்ந்து போடுற கோடு வடக்கு தெற்கு. "மிகக் குட்டை நிழலைத் தேடு"ன்னு சொன்னா குழம்பும். உச்சிவேளையில நீளம் ரொம்ப மெதுவாத்தான் மாறும். தரை சமமா இல்லேன்னாலும் தப்பா வரும்.

கதிரொளி:
படிக்கல் சொல்வதில் உடன்பாடில்லை. 7 வயதுக்குத் தினமும் புத்தகக் கணக்கு எதற்கு? சில்லறை எண்ணுவது, தாயக்கட்டை உருட்டிக் கூட்டுவது இதெல்லாம் போதாதா?

படிக்கல்:
கூட்டல், கழித்தலுக்குப் போதும். 7 வயதில் நான் வற்புறுத்துவது புத்தகத்தை அல்ல, வரிசையை. விளையாட்டாகவே செய்யலாம், ஆனால் அடுத்து எது என்ற பட்டியல் பெற்றோர் கையில் இருக்க வேண்டும். சில்லறையைச் சரியாக எண்ணும் பிள்ளை 43-ல் 4 என்பது நாற்பது என்று சொல்லத் தடுமாறுவது உண்டு. 11 வயதுக்கு மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

இளந்தளிர்:
நன்றி. இன்னொன்று: அருங்காட்சியகத்தில் இருவரும் ஓடி ஓடி எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், எதுவும் நிற்பதில்லை. கேள்வித்தாள் கொடுத்தால் உதவுமா?

வாசற்படி:
கேள்வித்தாள் வேண்டாம். விடை பெயர்ப்பலகையில் இருப்பதால் பிள்ளைகள் பலகையைத்தான் பார்ப்பார்கள், பொருளைப் பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு கூடம், 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, பலகையைப் படிக்காமல் 10 நிமிடம் வரையட்டும். எதனால் செய்தது, எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கையால் எப்படிப் பிடித்திருப்பார்கள்? இவை பார்த்தே சொல்லக்கூடியவை. ஊகித்த பிறகு பலகை. பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள், பல இடங்களில் பேனாவுக்கு அனுமதி இல்லை. நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த காசு வீணாகிறதே என்று நாலு கூடம் சேர்த்துப் பார்க்கும் ஆசையைத்தான் பெற்றோர் அடக்க வேண்டியிருக்கும்!

முதலில் கேட்ட பதிவு விஷயம். "மாவு அளந்தோம்" என்பது செய்த வேலை, கற்றது அல்ல. தேதிக்குப் பக்கத்தில் பிள்ளை சொன்ன ஊகம், அளந்து வந்த எண், தவறிய இடம் மூன்றையும் எழுதுங்கள். நாலு வரி போதும். இரண்டு வாரம் கழித்து அதே விஷயத்தை வேறு பொருளில் கேளுங்கள்: கப்பில் பார்த்த மூன்றில் ஒன்றை நூலில் மடித்துக் காட்டச் சொல்லலாம். காட்டினால் அந்த வரியில் ஒரு குறி. மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் எது காலியாக இருக்கிறது என்று தெரியும்; பெரும்பாலும் நீளமாக எழுதுவதுதான் காலியாக இருக்கும். அதற்குப் பயணத்திலிருந்தே ஒரு வழி உண்டு: நிழல் குச்சி நடுவது எப்படி என்று, அதைப் பார்த்திராத ஒருவருக்குப் பெரியவர் ஒரு பக்கம் எழுதட்டும். எழுதியதை வைத்துச் சின்னவர் குச்சி நடட்டும். எந்தப் படி விட்டுப்போயிற்று என்பதைச் சின்னவரே கேட்டுவிடுவார்.

வீட்டுக்கல்விச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் ஆண்டுதோறும் மாதிரி வேலைகளைக் காட்டச் சொல்வார்கள். ஒவ்வொரு தாளிலும் தேதியும் வயதும் அன்றே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எந்தப் படம் எப்போது வரைந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.