செக்குக்கு 35 சதவீத மானியம்: புரோக்கருக்குக் கமிஷன் கொடுக்கலாமா?

பேராவூரணி செக்கு (கேள்வி)

வணக்கம். பேராவூரணிப் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறேன். தேங்காய், கடலை, எள் மூன்றும் ஆட்டுகிறோம். முக்கால்வாசி சில்லறை விற்பனை, மீதி பட்டுக்கோட்டை, அறந்தாங்கிக் கடைகளுக்குப் போகும். வருஷத்துக்கு 60 லட்சம் பக்கம் ஓடும், ஜிஎஸ்டியில் காம்போசிஷன் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை).

போன மழையில் குடோனுக்குள் தண்ணீர் ஏறி, அடி வரிசைக் கொப்பரை மூட்டை முழுக்கப் பூசணம் பிடித்துவிட்டது. கஜா புயலில் தோப்பு போனபோதாவது மரத்தை எண்ணி நிவாரணம் கொடுத்தார்கள், இதற்கு யாரிடம் போய் நிற்பது என்றே தெரியவில்லை.

கொப்பரை உலர்த்தும் மெஷின், ஃபில்டர், இன்னொரு செக்கு எல்லாம் சேர்த்து 8 லட்சம் ஆகும் என்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். ஒருவர் வந்து "மத்திய அரசு 35 சதவீதம் மானியம் தருகிறது, நானே முடித்துக் கொடுக்கிறேன், வருகிற மானியத்தில் பத்து சதவீதம் எனக்கு, ஃபைலுக்கு முன்பணம் 15,000" என்கிறார். இன்னொருவர், காம்போசிஷனை விட்டு வழக்கமான ரெகுலர் முறைக்கு மாறினால் மெஷினுக்குக் கட்டும் ஜிஎஸ்டி அப்படியே திரும்பிவிடும் என்கிறார். இதில் எதை நம்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாபநாசம் வடகம்

அண்ணே, அந்த 15,000-ஐ முதலில் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் திட்டம் உண்மைதான், பி.எம்.எஃப்.எம்.இ., அதாவது குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களை முறைப்படுத்தும் திட்டம். 2020-ல் வந்தது. திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம். புது யூனிட்டுக்கும் உண்டு, ஏற்கெனவே ஓடுகிற யூனிட்டை விரிவாக்கவும் உண்டு, செக்கு எண்ணெய் தாராளமாக வரும். உங்கள் கையிலிருந்து பத்து சதவீதம் போட வேண்டும், குடும்பத்தில் ஒருவர் பெயரில்தான் வாங்கலாம். நான் வடகம், வற்றல், அப்பளம் போடுகிறேன், மாவரைக்கும் மெஷினும் பேக்கிங் மெஷினும் இதில்தான் வாங்கினேன்.

புரோக்கர் உங்களிடம் சொல்லாத சங்கதி என்னவென்றால், அவர் செய்வதாகச் சொல்லும் வேலையைச் செய்ய மாவட்டத்துக்கு மாவட்டம் அரசே ஆள் வைத்திருக்கிறது. மாவட்ட வள நபர் என்று பெயர், திட்ட அறிக்கை எழுதுவது, ஆன்லைனில் ஏற்றுவது, வங்கியில் பேசுவது எல்லாம் அவர் வேலை, அதற்குப் பணமும் அரசு கொடுத்துவிடுகிறது. நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம். திட்டத்தை 2025-26 வரை நீட்டித்திருந்தார்கள், அதனால் தஞ்சாவூர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் இப்போது விண்ணப்பம் எடுக்கிறார்களா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே புதுக்கோட்டை ரோட்டில் நிஃப்டெம் என்ற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறதே, அங்கேயும் எட்டிப் பாருங்கள், பயிற்சி கொடுக்கிறார்கள், எண்ணெயைச் சோதித்தும் பார்க்கலாம்.

உத்யம் பதிவு, அதாவது சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு, இருக்கிறதா? இல்லையென்றால் ஆதாரும் பான் கார்டும் வைத்துக்கொண்டு நீங்களே போடலாம், இலவசம். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள். அரசு முத்திரை மாதிரியே போட்டுக்கொண்டு இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும் தனியார் தளங்கள்தான் தேடினால் மேலே வந்து நிற்கின்றன.

ஓய்வுபெற்ற பேங்க்காரன்

மேலே தங்கை சொன்னது சரி. ஒன்றை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த காலத்தில் அதிகம் சண்டை வந்தது இதில்தான். மானியம் உங்கள் கைக்கு வராது. 8 லட்சம் என்றால் உங்கள் பங்கு 80,000, வங்கிக் கடன் 7,20,000. மானியம் 2,80,000 வங்கிக்கு வந்து, உங்கள் கடனோடு இணைத்துத் தனியாக நிற்கும். மூன்று வருஷம் தவணையை ஒழுங்காகக் கட்டி, யூனிட்டும் ஓடிக்கொண்டிருந்தால் கடனில் கழித்துவிடுவார்கள். கணக்கு வாராக்கடனானால் மானியம் போச்சு. "மானியத்தில் பத்து சதவீதம்" என்று கேட்கிறவருக்கு நீங்கள் கொடுப்பது வராத பணத்திலிருந்து, அதாவது உங்கள் சொந்தப் பையிலிருந்து.

கடன் சாங்ஷன் ஆவதற்கு முன்னால் மெஷினை வாங்கிவிடாதீர்கள். "சீசன் வந்துவிட்டது சார்" என்று வெளியில் கடன் வாங்கி மெஷினை இறக்கிவிட்டுப் பழைய பில்லோடு வந்து நிற்பார்கள், ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, கடை மேசையில் ஒட்டியிருக்கிறீர்களே க்யூஆர் அட்டை, அது எந்தக் கணக்குக்குப் போகிறது? பாதிப் பேருக்கு அது வீட்டம்மா பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்குக்குப் போகும். விற்பனை 60 லட்சம் என்று தாளில் இருக்கும், நடப்புக் கணக்கைப் புரட்டினால் 9 லட்சம்தான் தெரியும், மேனேஜர் எதை நம்பிக் கடன் கொடுப்பார்? இன்றைக்கே மாற்றுங்கள். அடமானம் கேட்டால் சிஜிடிஎம்எஸ்இ என்ற அரசுக் கடன் உத்தரவாதத்தில் போடச் சொல்லுங்கள், குறுந்தொழிலுக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதற்குத்தான் அது இருக்கிறது.

கும்பகோணம் கணக்கர்

ஜிஎஸ்டி சங்கதிக்கு வருகிறேன். காம்போசிஷனில் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்வது, கிடையாது, அது வரைக்கும் அந்த நண்பர் சொன்னது சரி. ஆனால் மாறினால் லாபமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாரா? இப்போது 60 லட்சத்துக்கு 1 சதவீதம், 60,000 கட்டுகிறீர்கள். ரெகுலரில் எண்ணெய்க்கு 5 சதவீதம். சில்லறையில் வாங்க வருகிறவர் லிட்டருக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் தரமாட்டார், அதனால் விலைக்குள்ளேயே வரி என்று வைத்தால் வருஷத்துக்கு 2,85,000 பக்கம். தோப்புக்காரரிடம் நேரடியாக வாங்கும் தேங்காய், கொப்பரையில் நீங்கள் வரி கட்டுவதே இல்லை, அப்புறம் கழிக்க என்ன இருக்கிறது? வியாபாரியிடம் பில்லோடு வாங்கும் கடலை, எள், பாட்டில், டின் இவற்றில் கொஞ்சம் கழியும். மெஷினுக்கு 18 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 1,44,000, அதுவும் ஒரே தடவை. "திரும்பிவிடும்" என்றால் ரொக்கமாக வராது, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழியும், அவ்வளவுதான். வாங்கும் பொருளுக்கு வரி கூடுதலாகவும் விற்கும் பொருளுக்குக் குறைவாகவும் இருந்தால் மிச்ச வரவைப் பணமாகத் தரும் தலைகீழ் வரி ரீஃபண்டை, சமையல் எண்ணெய்க்கு 2022 ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கடைகளுக்குக் கொடுப்பது பாதிக்கு மேல் போனால், அவர்கள் வரி பில் கேட்டால், வெளி மாநிலத்துக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் மாறுவதில் அர்த்தம் உண்டு. அப்படியானால் மெஷின் வாங்கும் முன் மாறிவிடுங்கள், பின்னால் மாறினால் மூன்று மாதத்துக்கு 5 சதவீதம் வீதம் வரவு குறையும். வருஷ நடுவில் விட்டால் அடுத்த நிதியாண்டில்தான் மறுபடி காம்போசிஷனுக்கு வரலாம்.

பேராவூரணி செக்கு

ஒரு மெஷினுக்காக வருஷா வருஷம் இரண்டு லட்சத்துக்கு மேல் விட இருந்தேன், ரொம்ப நன்றி. க்யூஆர் விஷயம் சார் சொன்னது போலவேதான், என் மனைவி கணக்கு. நனைந்த கொப்பரைக்கு ஒன்றும் வழி இல்லையா?

ஓய்வுபெற்ற பேங்க்காரன்

பேரிடர் நிவாரண நிதி விதியில் பயிர், கால்நடை, வீடு, படகு, நெசவாளர் கருவி எல்லாம் இருக்கும், கடைச் சரக்குக்கு என்று தனித் தலைப்பு கிடையாது. அரசு தனியாக அறிவித்தால்தான் உண்டு. உங்களுக்குச் சரக்கை ஈடாகக் காட்டி வங்கியில் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் கடன் இருக்கிறதா? இருந்தால் வருஷா வருஷம் இன்சூரன்ஸ் பிரீமியம் கணக்கில் பிடித்திருப்பார்கள், பாஸ்புக்கைப் பாருங்கள். பலருக்குத் தங்களிடம் பாலிசி இருப்பதே தெரியாது. அதன் நகலைக் கேட்டு வாங்கி, வெள்ளம் சேர்ந்திருக்கிறதா, சரக்கு இருக்கும் முகவரியில் குடோன் கதவு எண் இருக்கிறதா, இல்லை கடை முகவரி மட்டும்தானா என்று பாருங்கள். மிச்ச மூட்டையை, இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சேத மதிப்பீட்டாளரான சர்வேயர் பார்க்கும் வரை தூக்கிப் போடாதீர்கள், தாமதமானாலும் எழுத்தில் தகவல் கொடுங்கள். இல்லையென்றால் இனிமேலாவது பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற இன்சூரன்ஸ் பாலிசி எடுங்கள், ஒரே இடத்தில் 5 கோடிக்குள் இருக்கும் தொழிலுக்கானது, வெள்ளமும் புயலும் அதிலேயே அடக்கம்.

மாயவரம் மளிகை

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நானும் அதே மழையில் அடி வாங்கியவன், ஆனால் ஜிஎஸ்டியில் ரெகுலர். நனைந்து வீணான பருப்பு, பிஸ்கட்டுக்கு வரவு ஏற்கெனவே எடுத்துவிட்டேன். பிரச்சினை வருமா?

கும்பகோணம் கணக்கர்

வரும். வீணான, காணாமல் போன, அழிந்த சரக்குக்கு வரவு கிடையாது, சட்டப் பிரிவு 17(5)(எச்). எடுத்ததை 3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தில் திருப்பிவிடுங்கள், அவர்களாகக் கண்டுபிடித்தால் வட்டியோடு கேட்பார்கள். அதனால் இன்சூரன்ஸில் கிளெய்ம் போடும்போது அடக்க விலையை மட்டும் போடாமல், திருப்பிய வரியையும் சேர்த்துப் போடுங்கள், திருப்பியதற்கு ஆதாரமாக அந்த மாத 3பி நகலை வையுங்கள். சர்வேயர் வரியைக் கழித்துத்தான் போடுவேன் என்பார், இந்தத் தாளைக் காட்டிப் பேசுங்கள்.